பின்பக்க கேட்டில் சங்கிலிப் பூட்டு: ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?

தோட்டத்துப்பெண் (பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, மலேசியா):

வணக்கம். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. அப்பா பால்வெட்டிய நிரையில்தான் இன்று எங்கள் வீடு நிற்கிறது. 148 வீடுகள். வீடு வாங்கும்போது காட்டிய வரைபடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பெரிய சாலைக்கு. மற்றொன்று பின்னால், செம்பனை ஓரமாகக் கோயில் சாலைக்குப் போவது. அதில் ‘அவசர வழி’ என்றே எழுதியிருந்தது. மோட்டார் சைக்கிள்கள் திருடு போகத் தொடங்கியதும் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் அந்த இரும்புக் கேட்டைச் சங்கிலி சுற்றிப் பூட்டிவிட்டது.

சென்ற மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. 999ஐ அழைத்தேன். முன்பக்கச் சாலையை ஒரு கல்யாண வீட்டுப் பந்தல் அடைத்திருந்ததால் ஆம்புலன்ஸ் பின்பக்கம் வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் விளக்கு சுழல்கிறது, இந்தப் பக்கம் நான் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். சாவி சங்கத் தலைவரிடம். அவரோ ஊரில் இல்லை. ஊழியர்கள் தூக்குப்படுக்கையை கேட்டுக்கு மேலாகக் கொடுக்க, நானும் பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பியும் வாங்கினோம். பிறகு அப்பாவைப் பந்தலுக்குள் புகுந்து சாலை முனைவரை தூக்கிக்கொண்டு நடந்தோம். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பூட்டை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

அந்த கேட் யாருடையது? சங்கம் அதைப் பூட்டலாமா? யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும்?

பழைய பொம்பாக்காரன் (தைப்பிங்):

தங்கச்சி, அப்பா நலமாக இருப்பதே பெரிய செய்தி. நான் 27 ஆண்டுகள் பொம்பாவில், அதாவது தீயணைப்புப் படையில் இருந்தவன். பூட்டை உடைக்க 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டம் எங்களுக்கு அதிகாரம் தருகிறது. சங்கிலியை வெட்டுவது சிறிய வேலைதான். வெட்டிய பிறகும் கேட் திறக்காது, அதுதான் கொடுமை. அடியில் மண் ஏறியிருக்கும், புல் பின்னியிருக்கும், யாராவது பழைய மெத்தையைக் கொண்டுவந்து சாய்த்திருப்பார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த வழியில் வாய்க்காலுக்கு மேல் போட்டிருக்கும் சிமெண்டுப் பலகை. தண்ணீர் நிரப்பிய எங்கள் வண்டியின் எடை பத்து டன்னைத் தாண்டும். காருக்கென்று போட்ட பலகையில் அது ஏறினால் முன்சக்கரம் உள்ளே போய்விடும். அப்புறம் அந்த வழி இருந்தும் இல்லாததுதான். இரண்டாவது, தீயணைப்புக் குழாய். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுக் கட்டட விதி. வண்டியில் கொண்டுவரும் தண்ணீர் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். உங்கள் குழாய் எங்கே இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

வரைபட_கிள்ளான்:

அக்கா, முதலில் உங்கள் வீட்டு கிராண்ட்டை (நிலப் பட்டாவை) எடுத்துப் பாருங்கள். ஸ்த்ராதா பட்டா (அடுக்குமாடி போன்ற கூட்டுக் குடியிருப்புக்கான பட்டா) என்றால் உள்சாலை குடியிருப்பாளர்களின் பொதுச்சொத்து. தனி கிராண்ட் என்றால் சாலைகளை அரசிடம் ஒப்படைத்திருப்பார்கள், அது பொதுச்சாலை. தோட்ட நிலத்தில் எழுந்த தரைவீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

பொதுச்சாலை உள்ள தாமானில் காவல் ஏற்பாடு செய்ய, வீடமைப்பு அமைச்சின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி இருக்கிறது. பெரும்பான்மைக் குடியிருப்பாளர்களின் ஒப்புதலும் ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். உங்கள் சங்கத்தார் 2015 கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, தடுப்புக் கம்பம் தப்பில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் காவலர் இருந்தார். காவலுக்குப் பணம் கட்டாதவரும் தாமே கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ஆளில்லாத கேட்டில் சங்கிலிப் பூட்டு என்பது அதுவா? என் கணக்கில் அது சாலையை அடைப்பது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

2007 முதல் வீடு முடிந்ததற்கான சான்றிதழில் திட்டத்தின் கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் கையெழுத்திடுகிறார், ஊராட்சி மன்றம் அல்ல. அதனால் விற்பனைத் தாளை நம்பி நிற்காதீர்கள். ஊராட்சி மன்றம் அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தில் ‘அவசர வழி’ இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

செயலாளர்_கூலிம்:

சகோதரி, திருட்டும் பொய்யில்லை. எங்கள் தாமானில் ஒரே மாதத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் போயின; சங்கத்தைத் திட்டுவதற்கு முன் அதையும் நினையுங்கள். நாங்களும் பூட்டித்தான் வைத்திருந்தோம். ஒரு நாள் எங்கள் பக்கமும் ஆம்புலன்ஸ் நின்றது. இப்போது கேட்டில் பூட்டு இல்லை, வெறும் தாழ்ப்பாள்தான். மேலே விளக்கும் கேமராவும் வைத்தோம். மாதம் ஒரு முறை இரண்டு பேர் போய் கேட்டை முழுக்கத் திறந்து மூடுகிறோம்.

தோட்டத்துப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. கிராண்ட் தனி கிராண்ட்தான். சனிக்கிழமை பொம்பா ஐயா சொன்னபடி குழாயைத் தேடினேன். அது கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது! கொடி படர்ந்து சிவப்பு நிறமே தெரியவில்லை. கோயில் சாலையைச் சுற்றிப் போய்த்தான் அதைத் தொட முடிந்தது. அதாவது முன்வாசல் வழியாக வரும் வண்டிக்கு எங்கள் வரிசையில் தண்ணீரே கிடைக்காது.

திங்கட்கிழமை ஊராட்சி மன்றத்தில் கோப்பைத் திறந்து காட்டினார்கள். ‘அவசர வழி’ என்று மலாயில் தெளிவாக எழுதியிருக்கிறது. 63 வீடுகளின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். கூலிம் அண்ணன் சொன்ன தாழ்ப்பாளையும் விளக்கையும் அங்கே முன்வைக்கப் போகிறேன். மோட்டார் சைக்கிளை இழந்தவர்களும் அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

பொம்பா ஐயா, வாய்க்கால் பலகையை அளந்தேன். கனம் ஆறு அங்குலம், ஓரத்தில் கம்பி வெளியே தெரிகிறது. படம் எடுத்து அனுப்புகிறேன். கூட்டத்துக்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்.