சனிக்கிழமை அரையிறுதி: எங்கள் பாயிண்ட் கார்டை எப்போது உட்கார வைப்பது?

மாட்டுங்கா கோச்:
மாட்டுங்காவில் பெண்கள் பாஸ்கெட்பால் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சனிக்கிழமை அரையிறுதி. ஜெயித்தால் மறுநாள் மாலையே இறுதி. திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். மே மாதப் புழுக்கத்தைப் பற்றி மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அணி ஒரே பெண்ணை, எங்கள் பாயிண்ட் கார்டை (பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள்), நம்பித்தான் ஓடுகிறது. 19 வயது. பந்தைக் கொண்டுவருவதும் ஸ்கோர் பண்ணுவதும் எதிரணியின் கெட்டிக்காரியை மறிப்பதும் அவள்தான். லீக் ஆட்டங்களில் 40 நிமிடத்தில் 38, 39 நிமிடம் ஆடிவிட்டாள். போன வருடம் இறுதிப் போட்டியில் 5 நிமிடம் மீதி, 6 பாயிண்ட் முன்னால் இருந்தோம். இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு விழுந்தாள். 3 பாயிண்டில் தோற்றோம். அன்று ஒரு நிமிடம்கூட நான் அவளை வெளியே எடுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

"நான் உட்கார்ந்தா தோத்துடுவோம் அண்ணா" என்கிறாள். அவள் சொல்வது பொய்யும் இல்லை. எப்போது எடுப்பது, எவ்வளவு நேரம்?

செம்பூர் பழைய சென்டர்:
தம்பி, 10 நிமிடக் குவார்ட்டர்களுக்கு நடுவில் வரும் இடைவேளையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் குவார்ட்டரில் 2 நிமிடம் மீதி இருக்கும்போது எடுங்கள், இரண்டாவதில் 2 நிமிடம் ஓடியபின் உள்ளே விடுங்கள். ஆட்டக் கடிகாரத்தில் போவது 4 நிமிடம்தான். நடுவில் 2 நிமிட இடைவேளை, ஃபவுல், ஃப்ரீ த்ரோ எல்லாம் வருமே, கைக்கடிகாரத்தில் பார்த்தால் 10 நிமிடத்துக்குக் கிட்டே வந்துவிடும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவிலும் இதே மாதிரி. 32 நிமிடம் ஆடுவாள், கடைசி 5 நிமிடத்தில் கால் இருக்கும்.

அவள் வெளியே இருக்கும்போது மற்றவர்கள் 2-3 ஜோன் போடட்டும், அதாவது முன்னால் 2 பேர், பின்னால் 3 பேர் நின்று அவரவர் இடத்தைக் காக்கட்டும். அவசரப்பட்டு ஷூட் பண்ண வேண்டாம், ஷூட் பண்ணக் கிடைக்கும் 24 நொடியில் 18 நொடியாவது பந்தைக் கையில் வைத்திருக்கட்டும். அந்த 4 நிமிடத்தை ஜெயிக்க வேண்டாம், 3 பாயிண்டுக்கு மேல் விடாமல் இருந்தால் போதும். இன்னொன்று, கெட்டிக்காரியை மறிக்கும் வேலையை மூன்று குவார்ட்டர் வரை வேறு பெண்ணிடம் கொடுங்கள். ஓட்டத்தைவிட டிஃபென்ஸ்தான் காலைத் தின்னும்.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில், 2013-14 சீசனில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. அந்த ஜூனில் கோப்பை அவர்களுக்குத்தான்.

தாராவி தொண்ணூறடி:
சார், ஸ்பர்ஸ் கணக்கு 82 ஆட்டம் கொண்ட சீசனுக்கு. இங்கே தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2018 என்பிஏவில் பாஸ்டன் அணிக்கு எதிரான சுற்றின் கடைசி, ஏழாவது ஆட்டத்தில் கிளீவ்லேண்ட் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் 48 நிமிடமும் ஆடி ஜெயிக்க வைத்தார். அந்த சீசனில் அது அவருக்கு 100-வது ஆட்டம். நல்ல ஆட்டக்காரியை நாக் அவுட்டில் உட்கார வைப்பதை என் மனசு ஏற்கவில்லை.

செம்பூர் பழைய சென்டர்:
அதற்கு அடுத்த சுற்றில் கோல்டன் ஸ்டேட் அணியிடம் 4-0 என்று தோற்றார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு நினைவுக்கு வருவது சிகாகோ அணியின் பாயிண்ட் கார்ட் டெரிக் ரோஸ். 2012 ஏப்ரல் 28, பிளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்கு நடக்கும் சுற்றுகள்) முதல் ஆட்டம். சிகாகோ 12 பாயிண்ட் முன்னால், மீதி 1 நிமிடம் 22 நொடி. அப்போதும் கோர்ட்டில்தான் இருந்தார். முழங்கால் தசைநார் கிழிந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கியவர். பெரிய முன்னணி கிடைத்தால் உடனே எடுத்துவிடுங்கள் தம்பி, "இன்னும் ஒரு பாஸ்கெட்" என்று காத்திருக்காதீர்கள்.

சயான் பிசியோ அக்கா:
கோச், அந்தப் பெண் எங்கிருந்து வருகிறாள்?

மாட்டுங்கா கோச்:
டோம்பிவிலி, அக்கா. காலையில் ஒரு கடையில் வேலை, முடித்துவிட்டு லோக்கல் ரயிலில் நின்றபடியே குர்லா வந்து, மாறி வருவாள்.

சயான் பிசியோ அக்கா:
அப்படியென்றால் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே அவள் கால் பாதி ஓய்ந்துவிடுகிறது. வெள்ளி, சனி இரண்டு இரவும் மாட்டுங்கா பக்கமே தங்க வையுங்கள், வீட்டில் பேசி. மதியம் சாதம், ஆட்டத்துக்கு 3 மணி நேரம் முன்னால். உப்புப் போட்ட மோர் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக. 2014 என்பிஏ இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் அரங்கத்து ஏசி பழுதாகி லெப்ரானுக்கே கால் பிடித்துக்கொண்டது. இந்தப் புழுக்கத்தில் நம் பிள்ளை எம்மாத்திரம்? ஆனால் மோர் மட்டும் காப்பாற்றாது, களைத்த தசைதான் முதலில் பிடிக்கும். தூக்கம் முக்கியம்.

மாட்டுங்கா கோச் (சனி இரவு):
51-47, ஜெயித்துவிட்டோம். முதல் தடவை எடுத்தபோது 5 பாயிண்ட் போனது, அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை ஜோனில் யார் எங்கே நகர வேண்டும் என்று பெஞ்சிலிருந்து அவளே கத்திக்கொண்டிருந்தாள். அந்த 4 நிமிடத்தில் நாங்கள் 1 பாயிண்ட் கூடுதலாகவே எடுத்தோம். கடைசி 5 நிமிடத்தில் ஓடினாள் பாருங்கள், முதல் குவார்ட்டர் மாதிரி.

மொத்தம் 33 நிமிடம். அவள் அம்மாவிடம் என் மனைவி பேசி, இரண்டு நாளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒன்பதரைக்கே தூங்கிவிட்டாள். நாளை மாலை ஐந்தரைக்கு இறுதி.