கரண்டு போயி வந்தா நோடு லிங்க் வரமாட்டேங்குதுங்க

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்கண்ணா, ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல டிஎக்ஸ் ஸ்பைடர் (எந்த ஸ்டேஷன் எங்க கேக்குதுன்னு ஹாம் ரேடியோக்காரங்க பகிர்ந்துக்கற சாப்ட்வேர்) ஓட்டறேன், கரண்டு போயி வந்தா ஸ்பைடர் தானா எந்திரிச்சுருது ஆனா பார்ட்னர் நோடு (இதே மாதிரி ஓட்டற இன்னொருத்தரோட கம்ப்யூட்டர்) லிங்க் மட்டும் வரமாட்டேங்குது, ஒவ்வொருக்கா நானே உக்காந்து கனெக்ட் பண்றேன், வழி இருக்குங்களா?

பல்லடத்தான்:
ஸ்பைடரோட லோக்கல்_சிஎம்டி ஃபோல்டர்ல கிரான்டேப்னு (நேரத்துக்கு நேரம் தானா செய்யற வேலைய எழுதற ஃபைல்) ஒண்ணு இருக்கோணும்ங்க, இல்லீன்னா நீங்களே உருவாக்கிக்கோங்க. பத்து நிமிசத்துக்கொருக்கா பாத்து, அந்த நோடு கனெக்ட் ஆகலீன்னா ஸ்டார்ட்_கனெக்ட் பண்ணுன்னு அதுல ஒரு வரி போடுங்க, அதுவே பாத்துக்கும். சும்மா சிஎம்டின்னு இருக்கற ஃபோல்டர்ல இருக்கற கிரான்டேப்ப தொடாதீங்க, அது சாப்ட்வேரோட வர்றது. ரெண்டு நோட்லயும் செட்/ஸ்பைடர் கட்டளை போட்டிருக்கோணும், இல்லீன்னா உங்கள சாதா யூசராத்தான் எடுத்துக்கும்.

கோபிக்காரன்:
ராஸ்பெர்ரி பைக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வெச்சுருங்க தம்பி, பொசுக்குன்னு கரண்டு போனா எஸ்டி கார்டு கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. போலி ஸ்பாட் (ஒரு ஸ்டேஷன் கேக்குதுன்னு போடற தகவல்) போடற கால்சைன் (ஹாம் ரேடியோக்காரரோட அடையாளப் பேரு) வந்தா அத செட்/பேட்ஸ்பாட்டர் கட்டளையில போட்டுருங்க.

பெருந்துறைக்காரன்:
வரி போட்டேனுங்க, லிங்க் தானா வந்துருச்சு, ரொம்ப நன்றிங்கண்ணா.