மறு: மடக்குக் கத்தி எஃகுக்கான சொற்கள் – கூர்நிலைப்பு, முறிவெதிர்ப்பு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

எடை குறைந்த மடக்குக் கத்தி வாங்குவோருக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதும் நண்பர், ‘எட்ஜ் ரிடென்ஷன்’ (கூர் நீடித்து நிற்பது), ‘டஃப்னஸ்’ (உடையாமல் தாங்குவது) இரண்டுக்கும் சொல் கேட்டிருந்தார். முதலாவதற்குக் கூர்மைத் தக்கவைப்புத்திறன், பதநிலைப்பு என்றும், அடுத்ததற்குக் கட்டுறுதி, கடுந்தன்மை என்றும் பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், கத்தி எப்படியெல்லாம் மழுங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. நாலு விதமான கேட்டை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், வழிகாட்டியைப் படிப்பவர் தன் வேலைக்குப் பொருந்தாத எஃகைத்தான் வாங்குவார்.

முதலில் எடை. எஃகை மாற்றினால் கத்தி இலேசாகும் என்று முன்மடல் ஒன்றில் இருந்தது, அது சரியல்ல. கத்திக்குப் பயன்படும் எஃகுகள் எல்லாமே ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.7 கிராமை ஒட்டித்தான் நிற்கின்றன. எடை குறைவது பிடியிலும் அலகின் கனத்திலும்தான். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் பக்அவுட் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே சுமார் 52 கிராம். பிடி கண்ணாடியிழை கலந்த நைலான் வகை. அலகின் முதுகுக் கனம் 2.3 மில்லிமீட்டர். ஸ்பைடர்கோவின் டெலிகாவில் முதுகு 2.5 மில்லிமீட்டர், எடை 71 கிராம் அளவு. அலகு மெலிந்தால் அறுப்பது சுலபம். ஆனால் மெலிந்த வாயை உடையாமல், மடியாமல் தாங்கிக்கொள்ள எல்லா எஃகாலும் முடியாது. ஆக, இலேசான கத்திக்கு எஃகு தேர்வதில் எடைக்கு இடமில்லை; இந்த மெல்லிய வாய் எதனால் கெடும் என்பதுதான் கேள்வி.

எட்ஜ் என்பதற்கு நான் ‘வாய்’ என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். அரிவாளுக்கு வாய் உண்டு, கோடரிக்கு வாய் உண்டு. வாய் மடிந்துவிட்டது, வாயில் பல் விழுந்துவிட்டது என்றுதான் பேச்சு. விளிம்பு என்றால் தட்டுக்கும் மேசைக்கும்கூட உண்டு. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ‘வெட்டு விளிம்பு’ என்று புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

வாய் கெடும் வழிகள் நாலு. அட்டைப்பெட்டியையும் தேங்காய் நார்க் கயிற்றையும் அறுத்து அறுத்துத் தேய்வது ஒன்று. அட்டையில் பொடிப்பொடியான தாதுத்துகள் இருக்கும், அது எஃகைத் தேய்க்கும். கெட்டியான பொருளில் பக்கவாட்டு அழுத்தம் பட்டு ஒருபுறம் மடிந்துகொள்வது இன்னொன்று. மடியாமல் துணுக்காக உடைந்து பல் விழுவது மூன்றாவது. வியர்வை உப்பும் எலுமிச்சைச் சாறும் பட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் வாய் துருவேறிச் சொரசொரப்பாவது நாலாவது. சட்டைப்பையிலேயே கிடக்கும் கத்திக்கு இந்த நாலாவது சாதாரணமாக நடக்கும், வழிகாட்டிகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

இந்த நாலுக்கும் எஃகில் காரணங்கள் வேறு வேறு. தேய்வைத் தடுப்பது பெரும்பாலும் கார்பைடுத் துகள்கள், அதாவது எஃகுக்குள் கார்பனும் உலோகமும் சேர்ந்து உருவாகும் கடினமான நுண்துகள்கள். எவ்வளவு இருக்கின்றன, எவ்வளவு கடினமானவை என்பது கணக்கு. குரோமியம் கார்பைடைவிட வனேடியம் கார்பைடு அதிகமாகத் தேய்வு தாங்கும். மடிவதைத் தடுப்பது எஃகின் கடினம், அதை ராக்வெல் சி என்ற அளவுகோலில் எண்ணாகச் சொல்வார்கள். பல் விழுவதைத் தடுப்பது டஃப்னஸ். துருவைத் தடுப்பது, கார்பைடுக்குள் போய் முடங்காமல் எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம். இவை ஒன்றோடொன்று இழுபறியில் இருப்பவை. கார்பைடைக் கூட்டினால் தேய்வு குறையும், பல் விழும் வாய்ப்பு ஏறும். கடினத்தை ஏற்றினாலும் அப்படியே.

எனவே என் பரிந்துரை இது. எட்ஜ் ரிடென்ஷன் என்ற பொதுச்சொல்லுக்குக் ‘கூர்நிலைப்பு’. ‘கூர் நிலைக்கும்’, ‘கூர் நிலைக்காது’, ‘கூர்நிலைப்பு மிக்க எஃகு’ என்று வாக்கியத்தில் தடையின்றி ஓடும். கூர்மைத் தக்கவைப்புத்திறன் பொருளில் சரிதான், ஆனால் அட்டவணைத் தலைப்பில் அடங்காது, வினையாக்கினால் முழுநீள வாக்கியமாகிவிடும். பதநிலைப்பு எனக்கும் பிடித்திருந்தது, கத்திக்குப் பதம் என்ற பழைய வழக்கும் உண்டு. ஆனால் அதே வழிகாட்டியில் எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்துவதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். இரண்டு பதமும் மோதிக்கொள்ளும்.

கூர்நிலைப்புக்குள் அடங்கும் காரணங்களுக்குத் தேய்வெதிர்ப்பு, முறிவெதிர்ப்பு (இதுதான் டஃப்னஸ்), துருவெதிர்ப்பு என்று ஒரே அச்சில் மூன்று சொற்கள். ஹார்ட்னஸ் என்பதற்குக் கடினம் போதும். டஃப்னஸுக்குக் கட்டுறுதி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: ‘உறுதி’யை வலிமைக்கும் கடினத்துக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். கடுந்தன்மை இன்னும் மோசம். கடினமும் கடுந்தன்மையும் அடுத்தடுத்த பத்திகளில் வந்தால் எது எது என்று வாசகர் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு பண்புகளும் பெரும்பாலும் எதிரெதிரே போகிறவை. அவற்றுக்கு ஒத்த ஒலியுள்ள பெயர் வைக்கவே கூடாது.

மடிவெதிர்ப்பு என்ற நாலாவது சொல்லை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நாம் பேசுவதே மடக்குக் கத்தி. மடிவெதிர்ப்பு என்றால் கத்தி மடங்க மறுக்கிறது, பூட்டு உறுதியாக இருக்கிறது என்றுதான் யாரும் படிப்பார்கள். அங்கே ‘வாய் மடியாமை’ என்று பிரித்தே எழுதலாம். வாயுறுதி என்றொரு யோசனை வந்தது, அதை வாயு உறுதி என்று படிக்கும் ஆபத்து இருப்பதால் தவிர்க்கலாம்.

இப்படிப் பிரிப்பது எதற்குப் பயன்படும் என்பதற்குச் சோதனை முறையே சாட்சி. கத்தியின் கூர்நிலைப்பை அளக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கேட்ரா என்ற ஆய்வு அமைப்பின் எந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். வாய் மேல்நோக்கி நிற்கும். 5 விழுக்காடு சிலிக்கா கலந்த அட்டைகளை 50 நியூட்டன் விசையில் அதன்மேல் அழுத்தி முன்னும் பின்னும் இழுப்பார்கள். மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் அட்டை அறுபட்டது என்பதுதான் விடை. முறை நல்லது, ஐஎஸ்ஓ தரமும் உண்டு. ஆனால் இதில் முக்கியமாக அளக்கப்படுவது தேய்வெதிர்ப்பு. கெட்டி மரத்தில் செருகித் திருகும்போது வாய்க்கு என்ன ஆகும் என்பதற்கு இந்த எண்ணில் பதில் கிடையாது. எண்ணைப் போட்டு மேலே கூர்நிலைப்பு என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. கேட்ரா எண் வரும் இடத்தில் தேய்வெதிர்ப்பு என்றே குறிக்குமாறு வழிகாட்டி எழுதும் நண்பரை வேண்டிக்கொள்கிறேன்.

துருவெதிர்ப்புக்கு வருகிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதற்குத் துருப்பிடிக்காத எஃகு என்று பாடநூல்கள் நிலைநாட்டிவிட்டன, வீட்டில் எவர்சில்வர் என்கிறோம். அதை இனி மாற்ற வேண்டாம். ஆனால் அந்தப் பெயரை வைத்து எஃகை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடக் கூடாது. டி2 என்ற கருவி எஃகில் குரோமியம் 12 விழுக்காடு அளவு உண்டு. ஆனால் அதில் கார்பனும் 1.5 விழுக்காடு இருப்பதால் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பைடாகிவிடுகிறது. ஈரத்தில் வைத்தால் புள்ளி விழும். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வெளிவந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் அதைவிடக் குறைவு, 10.7 விழுக்காடுதான். ஆனால் அதில் வனேடியம், நயோபியம் கார்பைடுகள் மட்டும் உருவாகும்படி அளவு பார்த்துச் சேர்த்திருக்கிறார். குரோமியம் முழுக்கக் கரைந்தே நிற்பதால் துருவெதிர்ப்பு டி2-வைவிட மிகவும் மேல். எனக்குத் தெரிந்து அண்மைக் காலத்தில் கத்தி எஃகில் நடந்த மிக அழகான வேலை இதுதான். குரோமிய விழுக்காட்டை மட்டும் அட்டவணையில் போடுவது எப்படித் திசைதிருப்பும் என்பதற்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இன்னொரு சொல்லும் தேவைப்படும்: சாணையிணக்கம். எளிதில் கூர்தீட்டத்தக்க தன்மை என்பதற்குப் பதில் இது. விக்டோரிநாக்ஸ் தன் சிறிய கத்திகளின் அலகை ராக்வெல் சி அளவில் 56-ல் வைக்கிறது. கூர் சீக்கிரம் போகும், ஆனால் எந்தச் சாணைக்கல்லிலும் கொஞ்ச நேரத்தில் மீண்டுவிடும். முறிவெதிர்ப்பும் நன்றாக இருக்கும். பக்அவுட்டில் வரும் எஸ்30வி வேறு ரகம். 4 விழுக்காடு வனேடியம் கொண்ட தூள்முறை எஃகு, 2001-ல் கத்திக்கென்றே உருவாக்கியது. வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லின் அலுமினிய ஆக்சைடைவிடக் கடினம், அதனால் தேய்க்கத் தேய்க்க நேரம்தான் போகும். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். வைரத்தகடு வாங்கும் உத்தேசம் இல்லாதவருக்கு எஸ்30வி-யைப் பரிந்துரைக்கவே கூடாது என்பது என் கருத்து. பிரான்சின் சவாய் பகுதியில் 1890 முதல் வரும் ஒப்பினெல் கத்தியை இன்றும் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு இரண்டிலும் விற்கிறார்கள். கார்பன் எஃகின் சாணையிணக்கத்துக்கு ஈடே இல்லை. துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் போதும். கடலோர ஊரில் இருப்பவர் மற்றதை எடுக்கலாம்.

தூள்முறை எஃகு என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். உருகிய எஃகை வாயுவால் பொடித்துளிகளாகச் சிதறவைத்து, உறைந்த தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குவது. துளி சிறிதாக இருப்பதால் சட்டென்று உறைகிறது, கார்பைடு பெரிதாக வளர நேரமில்லை. துகள் நுண்மையானால் அதே தேய்வெதிர்ப்புக்கு முறிவெதிர்ப்பு கூடுதலாகக் கிடைக்கும். தூள் உலோகவியல் எஃகு என்று நீட்ட வேண்டாம் என்பதால் தூள்முறை.

எஸ்30வி, விஜி-10, டி2 போன்ற பெயர்களை அப்படியே விடலாம், அவை எஃகு வகைகளின் குறிப்பெயர்கள். ஆனால் ‘எல்லாவற்றையும் ஆங்கில ஒலியிலேயே எழுதினால் என்ன’ என்று கேட்ட அன்பருக்கு: வாங்குபவர் கடைக்காரரிடம் பேச வேண்டும், வீட்டில் பிள்ளைக்கு விளக்க வேண்டும். ‘இது கூர் நிலைக்கும், ஆனால் சாணைக்கு இணங்காது’ என்று அவரால் இயல்பாகச் சொல்ல முடியும். ரிடென்ஷனை வைத்து அப்படி ஒரு வாக்கியம் அமையாது.

தீட்டும்போது வாயின் மறுபக்கம் எழும் மெல்லிய உலோக இழைக்குப் பட்டறைகளில் புழங்கும் பிசிறு என்பதையே வைத்துக்கொள்கிறேன். அதை எடுக்கத் தோல்வாரில் கத்தியைத் தேய்க்கும் செயலுக்கு, சவரக்கத்தி பிடித்தவர்களிடம் புழங்கும் சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அந்தப் பத்திதான் வழிகாட்டியில் இன்னும் காலியாக இருக்கிறது.

அன்புடன்