ஹானர்ஸ் செமினாரில் நடந்த, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: பகிருங்கள்

பொன்னிநதி:
அமெரிக்காவில் படித்தபோது பஞ்சங்கள் பற்றி ஒரு ஹானர்ஸ் செமினார் எடுத்தேன். பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், வரலாற்றுப் பேராசிரியை ஒருவர், ஒரே மேசை. சொன்னதைப் படித்துவிட்டு வந்து, சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிக்கிற சிறப்பு வகுப்பு அது. அந்த வாரம் 1943 வங்காளப் பஞ்சம். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அதைப் பற்றி 1981இல் எழுதியதைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அரிசி அடியோடு இல்லாமல் போகவில்லை, விலை ஏறி விவசாயக் கூலிகளாலும் மீனவர்களாலும் வாங்க முடியாமல் போனதுதான் காரணம் என்று பேராசிரியர் போர்டில் போட்டு முடித்தார்.

அதுவரை வாயே திறக்காத ஒரு தாவரவியல் மாணவி, பையிலிருந்து சில தாள்களை எடுத்து மேசை நடுவில் தள்ளினாள். நெல் நோய் ஆராய்ச்சியாளர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரை. 1942இல் நெல்லைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோய் பற்றியது. வங்காளத்தின் சின்சுரா, பாங்குரா ஆராய்ச்சிப் பண்ணைகளில் முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் விளைச்சல் எப்படிச் சரிந்தது என்று ரகம் ரகமாக அட்டவணை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். அப்புறம் "இதை நான் பார்த்ததே இல்லை" என்றார். "இரண்டு பண்ணைகளை வைத்து ஒரு மாகாணத்தையே பேசிவிட முடியுமா?" என்று பேராசிரியை கேட்க, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் சிலபஸ்படி அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் போய்விட்டோம். உருளைக்கிழங்கு நோயைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம். வங்காளத்து நெல்லுக்கு யாரும் திரும்பி வரவேயில்லை. இருபது, முப்பது லட்சம் பேர் செத்த விஷயம் அப்படிப் பாதியில் நின்றதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

வடகிழக்குவாசி:
என்னுடையது சாதியும் இனமும் பற்றிய செமினார். சமூகவியலும் இலக்கியமும் சேர்ந்தது. அம்பேத்கர் 1916 மே 9 அன்று, கொலம்பியாவில் கோல்டன்வைசரின் மானுடவியல் செமினாரில் வாசித்த கட்டுரை அன்றைய பாடம். அப்போது அவருக்கு வயது 25. நான் இரண்டு பக்கம் குறிப்பெழுதிக்கொண்டு போயிருந்தேன். அகமணம், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான், சாதியின் உயிர் என்கிறாரே, விதவைகள் மீதான கொடுமையையும் குழந்தைத் திருமணத்தையும் அதிலிருந்தே விளக்குகிறாரே, அதைப் பேச வேண்டும் என்று ஆசை.

ஆசிரியர் என் பக்கம் திரும்பி, "உங்கள் வீட்டில் இதெல்லாம் எப்படி?" என்றார். மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் திரும்பின. எதிரே இருந்தவன் நான் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளப் பேனாவையே திறந்துவிட்டான்.

சாதி என்றால் என்ன என்று செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்று நாலு அறிஞர்கள் தந்த வரையறைகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று அம்பேத்கர் வாதாடியிருக்கிறார். அவரைப் படித்துவிட்டு வந்த என்னிடம் வீட்டுக் கதை கேட்கிறார்கள். "கட்டுரையைப் பற்றிப் பேசலாமா?" என்றேன். அறை அமைதியாகிவிட்டது. அந்தப் பருவம் முடியும்வரை என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

தேர்வுமேசை:
பொன்னிநதி, சென் சொன்னதை நீங்கள் ரொம்பச் சுருக்கிவிட்டீர்கள். உணவுப் பற்றாக்குறையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. 1943இன் உணவு இருப்பு முந்தைய ஐந்தாண்டு சராசரியைவிட சுமார் 5 சதவீதம் குறைவு, ஆனால் 1941ஐவிட 13 சதவீதம் அதிகம், அந்த 1941இல் பஞ்சம் வரவில்லை. இதுதான் அவருடைய வாதம். நோய் வந்தது உண்மையாகவே இருக்கட்டும், இந்தக் கணக்குக்கு அது பதிலாகாது.

நான் ஹானர்ஸ் படித்தது அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில். அதன் தலைவராக இருந்த பிராங்க் எய்டலாட் 1922இல் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்துக் கொண்டுவந்த முறை. பாடம் எடுத்தவர் தேர்வு வைக்க மாட்டார், வெளியிலிருந்து ஆள் வருவார். வாய்மொழித் தேர்வில் நான் எழுதியதில் ஒரே ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டி, "எந்த ஆதாரம் கிடைத்தால் இதைக் கைவிடுவீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மா. அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

இனிமேல் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம். வாரத்துக்கு ஒரு முழுப் புத்தகம் வரும், எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படிக்காதீர்கள். முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டவணை மூன்றையும் விடவே கூடாது. வகுப்பு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள், தள்ளிப்போட்டால் வாய் வராது. உங்கள் துறை அல்லாத ஆசிரியரிடம் மாணவர்களைச் சந்திக்க அவர் ஒதுக்கும் அலுவல் நேரத்தில் போய் உட்காருங்கள், அவர் எதை ஆதாரம் என்று ஒத்துக்கொள்வார் என்பது அங்கேதான் புரியும். வரலாறு படிக்கிறவர்கள் கொஞ்சம் புள்ளியியலும் படியுங்கள். ஆய்வேடு எழுதுவதாக இருந்தால் வழிகாட்டியை மூன்றாம் ஆண்டிலேயே பிடித்துவிடுங்கள். வடகிழக்குவாசி, நீங்களும் அன்றைக்கே ஆசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசியிருக்கலாம்.

வடகிழக்குவாசி:
அண்ணா, நான் யோசனை கேட்டு எழுதவில்லை. பத்தொன்பது வயதில், மதிப்பெண் போடுகிறவரிடம் போய் அதைச் சொல்வது அவ்வளவு சுலபமா? பேனாவைத் திறந்தது நானில்லையே.

பொன்னிநதி:
தேர்வுமேசை, அந்த 5ம் 13ம் அரசின் விளைச்சல் மதிப்பீட்டிலிருந்து வந்தவைதானே? அந்த மதிப்பீட்டில் நோய்ச் சேதம் சரியாக ஏறியிருக்கிறதா என்பதுதான் என் சந்தேகமே. பண்ணை அட்டவணை வேண்டுமானால் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.