கைக்குழந்தைக்கு இசை வகுப்பு: உண்மையில் என்ன பயன்?

கேள்வி (இரு குழந்தைகளின் தாய்)

எனக்கு இரண்டு குழந்தைகள். மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஒன்பது மாதம். வீட்டுக்கு அருகில் உள்ள ஓர் இசைப் பள்ளியில் கைக்குழந்தைகளுக்கென்று வாரம் ஒருமுறை, தாயோ தந்தையோ உடன் அமர்ந்திருக்க, அரைமணி நேர வகுப்பு நடத்துகிறார்கள். அவர்களுடைய விளம்பரத்தாளில் குழந்தையின் அறிவுத்திறன் கூடும் என்றும், பிற்காலத்தில் கணக்கு எளிதாக வரும் என்றும், பேச்சு விரைவில் தொடங்கும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். படிக்கும்போது ஆசையாக இருக்கிறது. ஆனால் உட்காரக் கற்று இரண்டு மாதமே ஆன குழந்தை ஒரு வகுப்பில் எதைக் கற்றுக்கொள்ள முடியும் என்ற ஐயமும் கூடவே எழுகிறது. இந்த வாக்குறுதிகளில் எவ்வளவு உண்மை? வகுப்புக்குப் போகாமல் வீட்டில் பாட்டு ஒலிக்கவிட்டால் அதே பயன் கிடைக்காதா? எனக்குச் சுருதி சேராது என்பதால், என் பாட்டைக் கேட்டுக் குழந்தையின் காது பழுதாகிவிடுமோ என்ற கவலையும் உண்டு. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (குழந்தை வளர்ச்சி உளவியல் கற்பிப்பவர்)

சகோதரி, விளம்பரத்தாளின் மூன்று வாக்குறுதிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அறிவுத்திறன் கூடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு ஆய்வு வெளியானது. 36 கல்லூரி மாணவர்கள் ஐரோப்பிய இசைமேதை மோட்சார்ட்டின் இரட்டைப் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டபின், காகிதத்தை மடித்து வெட்டினால் எந்த வடிவம் வரும் என்பது போன்ற இடஞ்சார் புதிர்களைச் சற்று நன்றாக விடுவித்தார்கள். அந்த விளைவு கால்மணி நேரம்கூட முழுமையாக நீடிக்கவில்லை. அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர்கூடக் குழந்தை அல்லர். ஆயினும் ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு வழங்க நிதி கேட்கும் அளவுக்கு அந்தச் செய்தி ஊதிப் பெருகிவிட்டது.

கேட்பதை விட்டுவிட்டுக் கற்பதைப் பார்த்தால் நிலைமை சற்று வேறு. 2004-இல் கனடாவில் 144 ஆறு வயதுக் குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, மூன்று குழுக்களுக்கு முறையே விசைப்பலகை இசை, வாய்ப்பாட்டு, நாடகம் ஆகியவற்றை ஓராண்டு கற்பித்தார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் கற்பிக்கவில்லை. இசை கற்ற குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) சராசரியாக 7 புள்ளி உயர்ந்தது. மற்றவர்களுக்கு 4 புள்ளிக்குச் சற்று மேல். வேறுபாடு இருக்கிறது, ஆனால் மூன்று புள்ளிக்கும் குறைவு. மாறாக, 2013-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் நான்கு வயதுக் குழந்தைகளைப் பெற்றோருடன் ஆறு வாரம் இசை வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தபோது, அறிவுத்திறன் சோதனைகளில் நம்பத்தக்க எந்த ஆதாயமும் தென்படவில்லை. ஆகவே, கணக்கு வரும் என்ற எண்ணத்தில் மட்டும் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கைக்குழந்தைகளிடம் கண்டறியப்பட்டவை வேறு வகையானவை. எனக்கு அவைதாம் அரியவையாகத் தோன்றுகின்றன. உங்கள் மகளின் வயதுக்கே பொருந்தும் ஓர் ஆய்வு 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தைகள் 39 பேரில் ஒரு பாதியினர், மும்மூன்றாக எண்ணப்படும் தாளத்துக்குப் பெற்றோருடன் தட்டியும் ஆடியும் பதினைந்து நிமிட அமர்வுகள் பன்னிரண்டில் பங்கேற்றனர். மறுபாதியினர் அதே அளவு நேரம் இசையில்லாமல் பொம்மைகளோடு விளையாடினர். பிறகு இசையின் தாளத்திலும் பேச்சின் ஓட்டத்திலும் இடையிடையே பிசகு வைத்துக் கேட்கச் செய்தபோது, இசையோடு விளையாடிய குழந்தைகளின் மூளை அந்தப் பிசகை அதிக வலுவுடன் பதிவுசெய்தது. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பதும், அது வராதபோது உடனே உணர்வதும் மொழியைக் கற்பதற்கு அடிப்படையான திறன்கள். இதைக் கொண்டு பேச்சு விரைவில் தொடங்கும் என்று உறுதி கூறிவிட முடியாது. செவி பேச்சுக்கு ஆயத்தமாகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பாட்டு ஒலிக்கவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நேரடி விடையளிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. 2012-இல் வெளிவந்த கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் இரு வகையான வாராந்திர வகுப்புகளுக்கு ஆறு மாதம் சென்றார்கள். ஒன்றில் பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து பாடினார்கள், தட்டினார்கள், அதே பாடல்களை வீட்டிலும் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மற்றொன்றில் பதிவுசெய்த இசை பின்னணியில் ஒலிக்க, குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடினார்கள். முதல் வகைக் குழந்தைகள் சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகளில் முந்தியிருந்தனர்; அதிகம் சிரித்தனர்; அழும்போது எளிதில் சமாதானமாயினர். இரு குழுவினரும் இசை கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். வேறுபாட்டை உண்டாக்கியது உடன் பாடிய மனிதர்.

மறுமொழி 2 (கைக்குழந்தை இசை வகுப்பு நடத்தும் ஆசிரியை)

மேலே எழுதியவர் ஆய்வுகளைச் சொல்லிவிட்டார். நான் வகுப்பறையில் கண்டதைச் சொல்கிறேன்.

பெரும்பாலான குழந்தைகள் முதல் நான்கைந்து வாரம் ஒன்றும் செய்வதில்லை. விழித்துப் பார்த்தபடி இருக்கும். பெற்றோர் மனம் தளர்ந்து, தம் குழந்தைக்கு இதில் ஆர்வமில்லை என்று நின்றுவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் வீட்டுக்குப் போய்த் துணி மாற்றும்போது அந்தப் பாட்டின் முதல் அடியைப் பாடிப் பாருங்கள். கால்கள் உதைக்கத் தொடங்கும், அல்லது சட்டென்று அசைவு நின்று முகம் உங்கள் பக்கம் திரும்பும். வகுப்பில் உள்வாங்கியதை வீட்டில் வெளிப்படுத்துவது குழந்தைகளின் இயல்பு.

நான் அதிகம் பயன்படுத்தும் உத்தி மிகவும் எளியது. ஒரு சிறிய பாட்டைப் பலமுறை பாடிவிட்டு, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். எட்டு, ஒன்பது மாதக் குழந்தை அந்த மௌனத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்க்கும். சில வாரங்கள் கழிந்தபின் ஒருநாள், அந்த இடைவெளியில் தானாகவே ஓர் ஒலி எழுப்பும். நீ முடித்தாய், இப்போது நான் என்று மாற்றி மாற்றிப் பேசும் உரையாடலின் வித்து அதில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகக் கற்பித்தும் அந்த முதல் ஒலியைக் கேட்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

உங்கள் குரலைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். கருவில் ஏழாவது மாதத்துக்குள் குழந்தைக்குக் கேட்கும் திறன் வந்துவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே அது மற்ற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை விரும்புவதாக 1980-இலேயே நிறுவியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு உலகிலேயே பழக்கமான ஒலி உங்கள் குரல். சுருதி சற்றே விலகினால் அவள் காது பழுதாகாது. நீங்கள் வாய் மூடியிருந்தால், தாலாட்டில் குரலோடு சேர்ந்து வரும் மூச்சும், அணைப்பும், அசைவும், அவள் கண்ணைப் பார்க்கும் உங்கள் பார்வையும் அவளுக்குக் கிட்டாமல் போகும். கருவியில் ஒலிக்கவிடும் இசை இவற்றைத் தராது. எதுகையும் மோனையும் அமைந்த சிறு பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒலி மீண்டும் மீண்டும் வரும்போது சொல்லுக்குள் சிறு ஒலிகள் இருக்கின்றன என்ற உணர்வு செவிக்குப் பழகுகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் அது உதவும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒருமுறை சும்மா உட்கார்ந்து கவனித்துவிட்டு வாருங்கள். பெற்றோர் தரையில் அமர்ந்து பாடுகிறார்களா, ஓரமாகக் கைபேசியோடு இருக்கிறார்களா? பாடல்கள் வாரந்தோறும் திரும்ப வருகின்றனவா, புதிது புதிதாக மாறுகின்றனவா? தவழ்ந்து அப்பால் போகும் குழந்தையை விட்டுவிடுகிறார்களா, இழுத்து வந்து உட்கார வைக்கிறார்களா? திரையில் காணொளி ஓடும் வகுப்பாக இருந்தால் சேர்க்க வேண்டாம். இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது. கையில் கொடுக்கும் கிலுகிலுப்பைகளிலிருந்து எதுவும் உடைந்து வாய்க்குள் போய்விடாதபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 3 (ஒரு தந்தை)

இசை வகுப்பினால் எங்களுக்குக் கிடைத்த பயன் நாங்கள் எதிர்பார்த்தே இராதது. என் மகன் ஒன்றரை வயதாகியும் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேசவில்லை. பேச்சு வரட்டும் என்றுதான் வகுப்பில் சேர்த்தோம். மூன்றாம் வாரம் ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, மேளத்தை எதிரில் தட்டினால் மகிழ்ச்சியாக ஆடுகிறான், பின்னால் மெல்லிய மணியை ஒலித்தால் திரும்புவதே இல்லை, செவித்திறனைப் பரிசோதித்து விடுங்கள் என்று தயக்கத்தோடு சொன்னார். பரிசோதனையில் இரு நடுக்காதுகளிலும் நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. அடிக்கடி வந்த சளியின் விளைவு என்றார் மருத்துவர். சிகிச்சைக்குப் பின் அவன் பேச்சு படிப்படியாகத் தேறியது. பேச்சுத் தாமதத்துக்கு இசை வகுப்பையே மருந்தாக நம்பி மாதங்களைக் கடத்திவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த ஆசிரியை கவனித்துச் சொல்லியிராவிட்டால் நான் அப்படித்தான் கடத்தியிருப்பேன்.

மறுமொழி 4 (செவித்திறன் நிபுணர்)

மேலே எழுதிய தந்தையின் அனுபவம் அரிதன்று. நான் சேர்க்க விரும்புவது ஒலியின் அளவைப் பற்றி. இசை கேட்கும் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பாதுகாப்பு அளவு, குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 75 டெசிபல் (டெசிபல் என்பது ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு). ஒலி 3 டெசிபல் கூடினால் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகிவிடும். எனவே 78 டெசிபலில் 20 மணி நேரம், 81 டெசிபலில் 10 மணி நேரம். கையெட்டும் தூரத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த அறை குழந்தைக்கு ஏற்றதன்று. இசை எழுப்பும் பொம்மைகளைக் குழந்தைகள் காதோடு ஒட்டிப் பிடிப்பதுண்டு. ஒலி வரும் துளையின்மேல் பசைநாடா ஒட்டினால் ஓசை கணிசமாகக் குறையும்.

கேள்வி கேட்டவர்

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அவர்கள் சொன்னபடி ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். பெற்றோர் எல்லோரும் பாடினார்கள், அவர்களில் பாதிப்பேருக்கு என்னைப் போலவே சுருதி சேரவில்லை. என் மகள் ஒருமணி நேரத்துக்கு முன் தொடங்கிய அழுகையை அங்கே தானாக நிறுத்திவிட்டு, ஒரு சிறுவனின் கிலுகிலுப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சேர்க்க முடிவு செய்துவிட்டேன். மகனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். அவன் ஓரிடத்தில் உட்காரமாட்டான். அவனுக்கு இப்போதே ஒரு கருவியைக் கற்பிக்கத் தொடங்கலாமா, அல்லது அது தொல்லையாக முடியுமா?

மறுமொழி 2 தந்த ஆசிரியை

நான்கு வயதில் கருவி கூடாது என்று சொல்லமாட்டேன். மூன்று, நான்கு வயதிலேயே வயலின் தொடங்கும் சுசுகி முறை உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அம்முறையில் தாயோ தந்தையோ உடன் கற்று, தினமும் வீட்டில் கூடவே வாசிக்க வேண்டும். உங்கள் கையில் ஒன்பது மாதக் குழந்தை இருக்கும்போது அந்தச் சுமையை ஏற்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

உட்காரமாட்டான் என்பது குறையாக எனக்குத் தோன்றவில்லை. சுவிட்சர்லாந்தின் இசை ஆசிரியர் டால்குரோஸ், நடந்தும் ஓடியும் நின்றும் தாளத்தை உடலால் கற்கும் முறையையே வகுத்தார். இசை நின்றதும் சிலையாக நிற்கும் விளையாட்டில் உங்கள் மகன் தன்னைக் கட்டுப்படுத்தப் பழகுவான், அதுவும் மகிழ்ச்சியாக. குழுவாகச் செய்யும் வகுப்பையே அவனுக்குத் தேடுங்கள். 2010-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராகச் சேர்த்துப் பாடி ஆட விட்டபோது, இசையில்லாமல் அதே விளையாட்டை ஆடிய குழந்தைகளைவிட அவர்கள் பின்னர் ஒருவருக்கொருவர் அதிகம் உதவிக்கொண்டார்கள்.

மகளின் வகுப்புக்கு அவனையும் அழைத்துவர அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். அனுமதித்தால், தங்கைக்குக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டும் பொறுப்பை அவனிடம் ஒப்படையுங்கள்.