பழைய டியூப் டிவி, மானிட்டர்: செம்பு எடுக்க எங்கிருந்து தொடங்குவது?

பழையசாமான்_ஈரோடு:
காயலான் கடைக்கு ஒரு லாட் டியூப் டிவி வந்திருக்கிறது. முக்கால்வாசி 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி, மீதி 21 அங்குலம். கூடவே கொஞ்சம் கம்ப்யூட்டர் மானிட்டர், டியூபும் எல்.சி.டி.யும் கலந்து. எதை எந்த வரிசையில் கழற்றினால் பொருள் கெடாமல் வரும்? டியூபைச் சுற்றி ஓடும் வளையக் காயில் பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கிறது, வாங்குகிறவர் அலுமினியம் என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். உண்மையா? டியூபின் கழுத்தைச் சுற்றி மாட்டியிருக்கும் கம்பிச் சுருள் தொகுதியை, அதாவது யோக்கை, இழுத்தால் கண்ணாடி உடைகிறது. பிறகு அந்த டியூபையே என்ன செய்வது?

லைன்_அவுட்புட்:
அண்ணே, செம்புக்கு முன்னால் சார்ஜைப் பாருங்கள். கலர் டியூபுக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். டியூபே ஒரு கெபாசிட்டர்: உள்ளே ஒரு பூச்சு, வெளியே கறுப்பு கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. ப்ளக்கைப் பிடுங்கி எத்தனை நாள் ஆயிற்று என்பதை நம்பிக் கை வைக்காதீர்கள்.

இரண்டு முனையிலும் க்ளிப் உள்ள ஒரு ஒயர், நல்ல பிளாஸ்டிக் பிடி போட்ட நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவர், இவ்வளவு போதும். ஒரு க்ளிப்பை டியூபின் முதுகில் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டியிருக்கும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். இன்னொன்றை ஸ்க்ரூ டிரைவர் தண்டில் மாட்டுங்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டியூபின் மேல் தடித்த ஒயர் வந்து சேரும் ரப்பர் கேப்புக்கு அடியில் நுனியை நுழைத்து உள்ளே இருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். ‘டப்’பென்று சத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். பத்து நிமிடம் விட்டு மறுபடியும் செய்ய வேண்டும். கண்ணாடிக்குள் தங்கிய மின்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறும். முதல் தடவையோடு நிறுத்துகிறவர்கள்தான் அடி வாங்குகிறார்கள்.

போர்டில் 400 வோல்ட் என்று எழுதிய தடித்த கெபாசிட்டர் ஒன்று இருக்கும். 230 வோல்ட் லைனில் அதில் ஏறுவது சுமார் 325 வோல்ட். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் தீப்பொறி பறந்து நுனி உருகும். ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு போட்டு, அதன் இரண்டு ஒயரையும் கெபாசிட்டரின் இரண்டு காலிலும் சில விநாடி வையுங்கள், அமைதியாக இறங்கிவிடும்.

இனி யோக். இழுப்பதால்தான் உடைகிறது. கழுத்துக் கடைசியில் இருக்கும் சின்ன போர்டை நேராகப் பின்பக்கம் உருவுங்கள், ஆட்டாதீர்கள். அடுத்து காந்த வளையங்களின் க்ளாம்ப் ஸ்க்ரூவைத் தளர்த்தி அந்த வளையத் தொகுதியை வெளியே எடுங்கள். பிறகு யோக்கின் க்ளாம்ப் ஸ்க்ரூ. இதோடு விடாது: யோக்கின் அகன்ற பக்கத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று நான்கு ரப்பர் ஆப்புகள் பசை போட்டு ஒட்டியிருக்கும். மெல்லிய பிளேடால் அந்தப் பசையை அறுத்து ஆப்புகளை எடுத்த பிறகு யோக் தானாக நழுவி வரும். நழுவவில்லை என்றால் எங்கோ இன்னும் பசை பிடித்திருக்கிறது, தேடுங்கள்.

எனாமல்_கம்பி:
உங்களிடம் வாங்குகிறவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த வளையம் டீகாஸ் காயில், திரையில் ஏறும் காந்தத்தன்மையை நீக்கும் சுருள். சின்ன டிவிகளில், அதுவும் கடைசிக் காலத்தில் வந்தவற்றில், பெரும்பாலும் அலுமினியக் கம்பிதான். மேலே இருக்கும் வார்னிஷ்தான் சிவப்பு. கறுப்பு டேப்பைக் கொஞ்சம் கிழித்து ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெள்ளை தெரிந்தால் அலுமினியம். சிவப்பாகவே இருந்தால் குறுக்கே வெட்டி வெட்டுவாயைப் பாருங்கள், செம்பு முலாம் பூசிய அலுமினியமும் வருகிறது; ஓரம் சிவப்பு, நடு வெள்ளை. கையில் தூக்கினாலே தெரியும், ஒரே பருமனுக்கு அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஒரு லாட்டில் இரண்டும் கலந்து வரும், ஆகவே ஒவ்வொரு காயிலையும் சுரண்டித்தான் பிரிக்க வேண்டும். கலந்து கொடுத்தால் மொத்தமும் அலுமினிய விலைக்குப் போய்விடும்.

யோக்கில் வருவது பெரும்பாலும் நல்ல செம்பு. அப்படியே கொடுத்தால் உள்ளே இருக்கும் ஃபெரைட்டுக்கும் (கல் போன்ற கறுப்புக் காந்தப் பொருள்) பிளாஸ்டிக்குக்கும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள். ஃபெரைட் வளையம் இரண்டு பாதி, கம்பி க்ளிப்பால் இறுக்கியிருக்கும். க்ளிப்பைத் தட்டிக் கழற்றினால் பிரியும். சில யோக்கில் ஒரு காயிலை ஃபெரைட் மேலேயே சுற்றியிருப்பார்கள். அதை ஒரு பக்கம் வரிசையாக அறுத்து உரிக்க வேண்டும். ஃபெரைட்டை உடைத்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் சுத்தியலை எடுக்காதீர்கள். முதல் மூன்று யோக்கை முழுக்கப் பிரித்து எடை போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கை வைத்து மீதியைப் பிரிக்கும் கூலி கட்டுமா, அப்படியே தள்ளிவிடலாமா என்று முடிவு செய்யலாம்.

ரப்பர் கேப் ஒயர் புறப்படும் கறுப்பு இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரை (டியூபுக்கு உயர் வோல்ட் கொடுப்பது) உடைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். உள்ளே இருப்பது முடியைப் போன்ற கம்பி, அதுவும் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசினில் புதைந்திருக்கும். போர்டில் எடுக்க வேண்டியது டிரான்சிஸ்டர் சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க் அலுமினியம் மட்டும். டிரான்சிஸ்டர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் இரும்புக் கலப்பென்று சொல்ல மாட்டார்கள். டிவி போர்டு மட்டமான பழுப்பு நிற போர்டு, அதில் தங்கம் தேடாதீர்கள். மானிட்டர் போர்டில் ஹீட் சிங்க் அதிகம், தகடும் அதிகம்.

பழையசாமான்_ஈரோடு:
ஆப்பை எடுத்ததும் யோக் வந்துவிட்டது, நன்றி. ஒயர், காயில் எல்லாவற்றையும் கொளுத்திச் செம்பை எடுக்கலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். டியூபின் விளிம்பில் ஓர் இரும்புப் பட்டை இருக்கிறதே, அதை வெட்டலாமா?

ஈயக்கண்ணாடி:
இரண்டும் வேண்டாம் ஐயா.

ஒயர் உறை பி.வி.சி. அதைத் திறந்தவெளியில் எரித்தால் டயாக்ஸின் என்ற கொடிய நச்சு வரும்; அந்தப் புகையை முதலில் மூச்சில் வாங்குவது உங்கள் பையன்கள்தான். வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்: எரித்த செம்பு கறுத்துப்போய் ஒரு தரம் கீழே இறங்கும், மெல்லிய கம்பி ஆக்ஸைடாகி எடையும் குறையும். பவர் கார்டைக் கத்தியால் கீறி உரியுங்கள். எனாமல் கம்பியை அப்படியே எனாமல் செம்பாகக் கொடுங்கள், அதற்கென்று தனி விலை உண்டு.

விளிம்புப் பட்டை அழகுக்குப் போட்டதில்லை. டியூபுக்குள் வெற்றிடம், வெளியே காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ அளவுக்கு அழுத்துகிறது. விரிசல் விழுந்தால் கண்ணாடி உள்வாங்கிச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது அந்தப் பட்டை. சில நூறு கிராம் இரும்புக்காக அதை வெட்டக் கூடாது.

டியூபை உடைக்கவும் கூடாது. கலர் டியூபின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்ஸைடு, கழுத்துக் கண்ணாடியில் இன்னும் அதிகம். திரையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பொடி துத்தநாக சல்பைடும் யிட்ரியம் சேர்மங்களும். மிகப் பழைய டியூபில் காட்மியமும் இருக்கலாம். உள்ளே கிடைப்பதோ ஓட்டை போட்ட ஓர் இரும்புத் தகடு. அதற்காகக் கடைத் தரை முழுக்க ஈயத் தூசியாவது எந்தக் கணக்கிலும் கட்டாது. தவறி உடைந்துவிட்டால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி எழும்பும். முகமூடி, தடித்த கையுறை போட்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத் துணியால் அள்ளித் தடித்த சாக்கில் கட்டி, டியூபோடு சேர்த்துக் கொடுங்கள்.

இதைத் தொழிலாகச் செய்வதற்கு மின்கழிவு (மேலாண்மை) விதிகள் 2022 பொருந்தும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. மறுசுழற்சி செய்கிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தொடர்ந்து பிரிக்கப்போகிறீர்கள் என்றால் பதிவு வாங்குங்கள். இல்லையென்றால் பெட்டியைத் திறக்காமல் முழுசாகப் பதிவு பெற்றவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே கழற்றிய டியூப், போர்டு இரண்டும் அவரிடம்தான் போக வேண்டும். லாரியில் ஏற்றும்போது திரை கீழே, கழுத்து மேலே, நடுவில் சாக்கு.

லைன்_அவுட்புட்:
எல்.சி.டி. பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய எல்.சி.டி. மானிட்டரில் வெளிச்சம் கொடுப்பது எல்.இ.டி. அல்ல, பென்சிலைவிட மெல்லிய ட்யூப்லைட். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். பேனலிலிருந்து வரும் இரட்டை ஒயர்கள் சின்ன ப்ளக்கோடு ட்யூபை எரிய வைக்கும் தனி இன்வெர்ட்டர் பகுதிக்குப் போனால் அந்த வகை. மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ட்யூப் உட்கார்ந்திருக்கும் உலோகக் காடியை வளைக்காமல் அப்படியே பக்கவாட்டில் உருவி, ட்யூபோடு தனிப் பெட்டியில் வையுங்கள். மீதியில் ஸ்டாண்டும் ஃப்ரேமும் பெரும்பாலும் இரும்பு, காந்தம் வைத்துப் பாருங்கள். பேனலுக்குப் பின்னால் இருக்கும் தடித்த தெளிவான தகடு அக்ரிலிக். கீறாமல் எடுத்தால் பிளாஸ்டிக் வாங்குகிறவர் தனியாக எடுத்துக்கொள்வார். செம்பு என்று பார்த்தால் கேபிளைத் தவிர அதில் சொல்லும்படி எதுவும் இல்லை.