சவரக்கத்திக்குக் கல்லோ, தோலோ?

வெள்ளவத்தைப் பெடியன்: அப்பப்பாட ஜெர்மன் சொலிங்கன் சவரக்கத்தி என்னட்ட இருக்கு. ஆறு மாசம் நல்லா வழிச்சுது. இப்ப கன்னத்தில ஓடுது, நாடியில இழுக்குது. புறக்கோட்டையில ஒரு ஹாட்வெயார் கடையில "கத்திக்கு இதுதான்" எண்டு தந்த ரெண்டு பக்கக் கல்லில தீட்டிப்போட்டு இப்ப அரிவாளா வாளா எண்டு தெரியேல்லை. எந்தக் கல் வாங்கலாம்?

மருதானை நானா: தம்பி, அது இறைச்சிக் கத்திக்குள்ள கல். சவரக்கத்தியை 1000 இலக்கக் கல்லில (இலக்கம் கூடக்கூடக் கல் நைசு) பதம் கட்டி, 8000 இல மினுக்கி, 12000 இல முடிக்கணும். பிறகு மங்கினா 12000 மட்டும் போதும். ஜப்பான் நனிவா கம்பனிக் கல் ஒண்டு எடுங்க. ஊறப்போட வேணாம், மேல தண்ணி தெளிச்சாச் சரி.

தோல்வார்க்காரன்: சும்மா செலவு வைக்காதேங்கோ நானா. மங்கின விளிம்புக்குக் கல்லே தேவையில்லை. அரை மைக்ரோன் பச்சைக் குரோமியம் ஒக்சைட், அதுதான் மினுக்கிற பசை, அதைத் தோலில பூசி, மாசத்துக்கு ஒருக்கா பத்து இழுவை. மூண்டு வருசமா நான் கல் தொடேல்லை.

மருதானை நானா: தோல் அமுங்கும். அமுங்கினா விளிம்பு மெல்ல மெல்ல உருண்டு போகும். கடைசியில நீங்களும் 1000 கல்லுக்குத்தான் வரணும்.

தோல்வார்க்காரன்: அதுக்குத்தான் இப்ப பால்சா எண்ட லேசான மரப் பலகையில பூசுறன், அது அவ்வளவா அமுங்காது. அது கிடக்க, போன மாசம் உங்கட வீட்டில அந்த 12000 ஐப் பாத்தனான். நடுவில பள்ளம். அதில தீட்டினா ரெண்டு நுனியும் தேயும், நடு விளிம்பு கல்லில படாது.

மருதானை நானா: பள்ளமா? என்ட கல்லிலயா?

மருதானை நானா: சரி, இப்பதான் பாத்தேன். கல்லில பென்சிலால கட்டம் போட்டு, கண்ணாடியில வோட்டர் பேப்பர் (தண்ணியில தேய்க்கிற உப்புத்தாள்) வச்சு இருபது தடவை தேய்ச்சேன். ஓரக் கட்டமெல்லாம் போயிட்டு, நடுவில ஒரு ரூபாக் குத்தி அளவுக்குக் கோடு அப்படியே நிக்குது. இன்னும் தேய்க்கிறேன். ஆனா இது கல்லுட பிழை இல்ல, பராமரிக்காத என்ட பிழை.

தோல்வார்க்காரன்: நானும் அதைத்தான் சொல்லுறன். பலகைக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

வெள்ளவத்தைப் பெடியன்: ஒண்டு கேக்கட்டோ? நான் குசினிக் கத்தி மாதிரி முதுகைத் தூக்கிப் பிடிச்சுத்தான் தீட்டினனான்.

மருதானை நானா: அல்லாவே! முதுகும் விளிம்பும் ரெண்டும் கல்லில படுத்திருக்கணும் தம்பி. முதுகுதான் கோணத்தைப் பிடிக்குது.

தோல்வார்க்காரன்: இதில நானாவோட ஒத்துப்போறன். இன்னொண்டு, வழிச்சு முடிய எண்ணெய் பூசுறனீரோ? கடற்கரையோரம் இருந்துகொண்டு ஈரத்தோட மூடி வச்சா, வழிச்சுத் தேயிறதைவிட விளிம்பைத் துருதான் முதல்ல தின்னும். கல்லோ தோலோ, பிறகு ஒண்டும் செய்யேலாது.

வெள்ளவத்தைப் பெடியன்: கழுவி அப்பிடியே குளியலறைத் தட்டில வைக்கிறனான்.

மருதானை நானா: ஞாயித்துக்கிழமை கத்தியைக் கொண்டு வாங்க, 1000 கல் என்னட்ட இருக்கு. தோல்வார்க்காரரே, நீங்களும் பலகையோட வாங்க, பாதிக் கத்தியை நீங்க முடிங்க, பாதியை நான் முடிக்கிறேன். கன்னம் தம்பிட.